மேசி 35: ஒரிஜினல்னு எதைச் சொல்றது?

உடுமலை வாசகர் கேட்டது, 2022 நவம்பர் 5

"பெயிண்ட் அடிச்ச டிராக்டரை ஒரிஜினல்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. கம்பெனி வாசல்ல இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருந்தாத்தான் ஒரிஜினல். ஒரு போல்ட் மாறினாலும் போச்சு. தாண்டிக்குடிப் பக்கம் ஒருத்தர் பழைய 35 வெச்சிருக்காராம். அவர் வண்டியில எது பழசு, எது புதுசுன்னு மறைக்காம சொல்லட்டும்."

2022 நவம்பர் 6

அந்த ஒருத்தர் நான்தான். கொடைக்கானல் மலையில காப்பித் தோட்டம். மறைக்க ஒண்ணும் இல்ல.

வண்டி மேசி பெர்குசன் 35, 1964 வருஷத்துது. மூணு சிலிண்டர் டீசல், 152 கன அங்குலம். போர் (சிலிண்டர் அகலம்) 3.6 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 5 அங்குலம். ஸ்ட்ரோக் நீளம்கறதாலதான் அந்த நிதானமான டுக்கு டுக்கு சத்தம். எங்க தாத்தா 1972-ல ஒரு பெரிய எஸ்டேட்டுல இருந்து செகண்ட்ஹேண்டா வாங்கினார். புது டிராக்டர் கேட்டு எழுதிப் போட்டா வருஷக்கணக்குல காத்துக் கிடக்கணும். 1971-ல சர்க்கார் டிராக்டர் விக்கறதுக்கே கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்த காலம் அது. கையில காசு இருந்தும் வண்டி கிடைக்காது.

மாறாதது: இன்ஜின் பிளாக், அதுல குத்தியிருக்கற நம்பர், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் லிஃப்ட், ஸ்டியரிங், பானெட், ரெண்டு மட்கார்டு. பானெட்டுல சிவப்பு பாதிக்கு மேல அப்படியே இருக்கு. மீதியில பிரைமர் தெரியும், சில இடத்துல வெறும் தகடு. டிரைவர் கை ஊணி ஏறி ஏறி, இடது மட்கார்டு ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டே கிடையாது. எவர்சில்வர் தட்டு மாதிரி வழவழன்னு இருக்கும்.

மாறினது: பேட்டரி, டயர், ஹெட்லைட் கண்ணாடி, ஒயரிங் மொத்தமும், லைனர் (பிஸ்டன் உரசி ஓடற உள்குழாய்) பிஸ்டன் ரெண்டு தடவை. பேட்டரிக்குக் கரண்டு ஏத்தற டைனமோ இருந்த இடத்துல புது ரக ஆல்டர்னேட்டர். பழைய டைனமோவைச் சாக்குல சுத்திப் பரண்ல வெச்சிருக்கேன். அப்புறம் சீட்டு. சீட்டு பலா மரம். அது தனிக் கதை.

ஒரு போல்ட் மாறினாலும் போச்சுன்னா என் வண்டி என்னைக்கோ போச்சு. ஆனா 58 வருஷமா லைனர் மாத்தாத வண்டி ஒண்ணு இருந்தா, அது ஓடவே இல்லைன்னுதான் அர்த்தம்.

2022 நவம்பர் 6, ராத்திரி

கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். பின் டயர் பழைய கணக்குல 11-28. இப்ப கடையில 12.4-28ன்னு கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. சைஸ் அதேதான், பேர் மட்டும் மாறியிருக்கு. "அகலமான டயரை மாட்டி ஏமாத்திட்டார்"னு யாரும் கிளம்ப வேண்டாம்.

2022 நவம்பர் 13

சீட்டு.

கம்பெனியில இருந்து வந்தது தகட்டுச் சீட்டு, முறம் மாதிரி குழிவா, நடுவுல ஓட்டைகளோட. எங்க எஸ்டேட் ரோடு ரோடே இல்ல, கல்லு அடுக்கின தடம். அந்தக் குலுக்கல்ல சீட்டைத் தாங்கற பட்டை ரெண்டு தடவை முறிஞ்சுது. வெல்டிங் வெச்சாங்க, மூணாவது தடவையும் முறிஞ்சுது. 1978-ல அப்பா பண்ணைக்காட்டு ஆசாரியை வரச்சொல்லி, தோட்டத்துலயே விழுந்து கிடந்த பலாவை அறுத்து ஒரு சீட்டு செய்யச் சொன்னார். அடியில லாரிப் பட்டை ஒண்ணு, மேல மடிச்ச சாக்கு, அவ்வளவுதான். இன்னைக்கும் அதுலதான் உக்காந்து ஓட்டறோம்.

அழகுன்னு சொல்ல முடியாது. மழையில நனைஞ்சு நனைஞ்சு மரம் முறுக்கிக்கிச்சு. வலது பக்கம் ரெண்டு விரக்கடை தூக்கிக்கிட்டு நிக்கும். புதுசா உக்கார்றவங்க இடது பக்கம் சரிஞ்சு, மட்கார்டைப் பிடிச்சுக்கிட்டு முழிப்பாங்க.

ஒரிஜினல் சீட்டு தேடணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

2022 நவம்பர் 14

1978 இல்லையாம். அம்மா திருத்தினாங்க. தங்கச்சி பிறந்தது 1981. "நிறைமாசமா அந்தச் சீட்டுல உக்காந்துதான்டா ஆஸ்பத்திரிக்குப் போனேன், சாக்குப் பிசிறு குத்துச்சு, அப்ப புதுசு"ங்கறாங்க. அப்ப 1981. சாக்குப் பிசிறு வரைக்கும் ஞாபகம் இருக்கறவங்ககிட்ட எப்படி வாதாட?

2022 நவம்பர் 27

"காப்பித் தோட்டத்துல டிராக்டருக்கு என்ன வேலை? மட்டக்குதிரை போதுமே?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. எங்க சரிவுல உழவுக்கு டிராக்டரை இறக்கவே முடியாது. உள் தோட்டத்துல இருந்து மூட்டை இன்னைக்கும் குதிரையிலதான் வருது. ஆனா குதிரை பழத்தைத் தடத்துக்குக் கொண்டுவந்து போட்டா, அங்கிருந்து களத்துக்கு டிரெய்லர். தண்ணி டேங்கர், உர மூட்டை, வெட்டின சில்வர் ஓக் மரம், கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் இதே வண்டிதான்.

எல்லாத்தையும் விடப் பெரிய வேலை பல்ப்பர். கரண்டு நம்ப முடியாத காலத்துல காப்பிப் பழத்தோல் உரிக்கற மிஷினை இந்த வண்டிதான் ஓட்டுச்சு. பின்னாடி பி.டி.ஓ.வுல (இன்ஜின் சுழற்சியை வெளி மிஷினுக்குக் கொடுக்கற தண்டு) ஒரு புல்லி மாட்டுவாங்க. அதுக்கும் பல்ப்பருக்கும் நடுவுல நீளமா ஒரு பெல்ட். பெல்ட் தொய்ஞ்சா வண்டியை ஒரு சாண் முன்னாடி நகர்த்தி டயருக்குக் கல்லு வெக்கணும். வழுக்கினா குங்கிலியப் பொடி தூவணும். சூடான பெல்ட்டுல குங்கிலியம் பட்டதும் கோயில் வாசனையும் டீசல் புகையும் புளிச்ச காப்பிப் பழமும் சேர்ந்து ஒரு நெடி வரும். மார்கழி ராத்திரின்னா எனக்கு அந்த நெடிதான்.

அந்தப் புல்லி இன்னும் இருக்கு, ஒரிஜினல். உடுமலைக்காரர் குறிச்சுக்கட்டும்.

2022 டிசம்பர் 4

மூணு நாளா மஞ்சு விலகல. காலையில செல்ஃப் அடிச்சா சுத்துது, புகையே வரல. புகை வரலைன்னா டீசல் போகலன்னு அர்த்தம். குளிர்ல ஸ்டார்ட் பண்ண உள்ள போற காத்தைச் சூடாக்கற தெர்மோஸ்டார்ட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

டீசல்ல வர்ற தண்ணி தங்கற கண்ணாடிக் கிண்ணத்தைக் கழட்டினேன். அடியில சுண்டு விரல் உசரத்துக்குத் தண்ணி, மேல டீசல், நடுவுல ஏடு மாதிரி ஒரு பழுப்புப் படலம். டேங்குல மழைத்தண்ணி இறங்கல. பாதி டேங்கை அப்படியே விட்டுட்டேன். மீதி இடத்துல காத்து. பகல்ல லேசா சூடாகி, ராத்திரி குளிர்ந்து, தகட்டுல வேர்த்து வேர்த்து இறங்கினது. இந்த டீசல் பம்புக்கு உள்ள எண்ணெய் வேற டீசல் வேற இல்ல, டீசலேதான் அதுக்கு மசகு. தண்ணி உள்ள போனா உள்சாமான் துருப் பிடிச்சு இறுகிடும். அப்புறம் ரிப்பேர் பில்லைப் பார்த்து நாம இறுகிடுவோம்.

ஏர்லாக் (டீசல் பைப்புல சிக்கின காத்து) எடுத்தது இப்படி: கிண்ணத்தைக் கழுவி மாட்டி, ஃபில்டர் தலையில இருக்கற ஸ்குரூவை ரெண்டு சுத்து இளக்கிட்டு, கை பம்பை அடிச்சுக்கிட்டே இருந்தேன். முதல்ல நுரை, அப்புறம் குமிழ், அப்புறம் சுத்தமா டீசல். ஸ்குரூவை இறுக்கிட்டு அடுத்து பம்புல இருக்கற ஸ்குரூ, அங்கயும் அதே மாதிரி. கடைசியா மூணு நாசில் பைப் நட்டையும் இளக்கி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, டீசல் துப்பினதும் ஒண்ணொண்ணா இறுக்கினேன். ரெண்டாவதை இறுக்கறப்பவே வண்டி ஒத்தக் கால்ல நொண்டிக்கிட்டே பிடிச்சுக்கிச்சு.

பாதுகாக்கறேன்னு வண்டியை மூடி வெச்சிருக்கற மலைக்காரங்களுக்கு: சாயங்காலமே டேங்கை ரொப்பி வைங்க. மூடி வெச்ச வண்டிக்குத்தான் இந்த நோய் சீக்கிரம் வரும். தார்ப்பாயை அது மேல ஒட்டப் போட்டு மூடறது அதைவிட மோசம், வேர்வை உள்ளயே நின்னுடும்.

2022 டிசம்பர் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

செல்ஃப் அடிக்கலைன்னு யாரும் பதறாதீங்க. இதுல ஹை-லோ லீவர் (வேக கியர், மெது கியர்னு மாத்தற லீவர்) நடுவுல இருந்தாத்தான் செல்ஃபே அடிக்கும். போன வருஷம் எங்க சித்தப்பா அது தெரியாம பேட்டரியைக் கழட்டித் தோள்ல சுமந்துக்கிட்டு வத்தலக்குண்டு வரைக்கும் போயிட்டு வந்தார்.

2023 ஜனவரி 17

நேத்து மாட்டுப் பொங்கல். எங்க வீட்டுல இப்ப மாடு கிடையாது, பொங்கல் டிராக்டருக்குத்தான். மாலை, கரும்பு, பானெட் மூக்குல சந்தனம், குங்குமம்.

போட்டோவை உத்துப் பார்த்தீங்கன்னா, அந்த முக்கோணச் சின்னத்துக்கு மேல வெளிறிப் போன ஒரு வட்டம் தெரியும். அது பொட்டு வெச்ச இடம். குங்குமத்துல சுண்ணாம்பு இருக்கும். ஆயுத பூஜைக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணுன்னு அம்பது வருஷம் ஒரே இடத்துல வெச்சு வெச்சு, சிவப்புப் பெயிண்ட் அந்த வட்டத்துல மட்டும் ரோஜா நிறத்துக்கு வந்துடுச்சு. அப்பா எப்பவும் வெக்கற இடம் அது. நான் வெச்சா கொஞ்சம் தள்ளி விழும், அதனால இப்ப தடம் பார்த்து வெக்கறேன்.

ஆக உடுமலைக்காரருக்கு என் கேள்வி: இந்த வட்டம் பெயிண்ட் கெட்டுப் போனதா, இல்ல வண்டியில சேர்ந்ததா?

2023 பிப்ரவரி 12

ஒரு தப்பு பண்ணிட்டேன், எழுதி வெக்கறேன், அடுத்தவங்க பண்ணாம இருக்கட்டும்.

பழைய பெயிண்ட்டை அப்படியே காப்பாத்த ஆளிவிதை எண்ணெய் பூசலாம்னு படிச்சிருந்தேன். பெயிண்ட் கடையில டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்னு கேட்டா தருவாங்க. துணியில நனைச்சு பானெட், மட்கார்டு எல்லாம் பூசினேன். அன்னைக்கு என்னா பளபளப்பு! 1964-க்கே போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

காயணுமே. கீழ்நாட்டு வெயில்ல காயறது எங்க மஞ்சுல எங்க காயும்? மூணு வாரம் ஆச்சு, இன்னும் பிசுபிசு. சில்வர் ஓக் சருகுத் தூள், கொசு, ஈசல், குளவி ஒண்ணு, பக்கத்து வீட்டுப் பையன் கை அஞ்சு விரலோட. வெல்லப்பாகு ஊத்தின பணியாரம் மாதிரி நிக்குது வண்டி.

இன்னொண்ணு, இது விளையாட்டு இல்ல: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அந்த எண்ணெய் காயறப்பவே சூடு உண்டாக்கும். குவிச்சு வெச்ச துணி தானா பத்திக்கும். விரிச்சுக் காயப்போடணும், இல்ல தண்ணி வாளியில முக்கி வைக்கணும்.

2023 மார்ச் 5

பிசுக்கை எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. பஞ்சுல டர்பன்டைன் தொட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி. அழுத்தித் தேய்ச்சா பெயிண்ட்டும் சேர்ந்து வரும். வந்துச்சு. வலது மட்கார்டுல நாலு விரல் அகலம் போச்சு, என் கையாலதான். அறுபது வருஷம் வெயிலும் மழையும் எடுக்காததை நான் ஒரே மத்தியானத்துல எடுத்துட்டேன்.

இப்ப வெறும் வேக்ஸ் பாலிஷ், மெல்லிசா, பங்குனி சித்திரையில ஈரம் குறைஞ்சப்ப மட்டும். முன்னாடி அப்பா வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து துடைப்பார். துரு வராதுங்கறது உண்மைதான். ஆனா தூசியைப் பிடிச்சு உப்புத்தாள் மாதிரி ஆக்கிடும், ரப்பரையும் ஊற வெச்சுடும். சேசிஸ் அடிப்பக்கத்துக்குச் சரி, பானெட்டுக்கு வேண்டாம்.

2023 மார்ச் 19

துருவுக்குக் கடுக்காய். சிரிக்காதீங்க.

மட்கார்டு உள்பக்கம் துரு ஏறியிருந்துச்சு. கிரைண்டர் போட்டா தகடு ஓட்டையாயிடும். கடுக்காயைத் தட்டிப் போட்டு, ஒரு படித் தண்ணியைக் கால்படியா சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, கம்பி பிரஷ்ஷால உதிர்ற துருவை மட்டும் தட்டிட்டு, அந்தக் கஷாயத்தை மூணு கை பூசினேன். அரை மணி நேரத்துல செந்துரு நீலங்கருப்பாச்சு. கடுக்காயில இருக்கற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கருப்பு வரும். அந்தக் காலத்துல மை காய்ச்சினதும் இதை வெச்சுத்தான். ரசாயனக் கடையில துருமாத்தின்னு விக்கறதுல பலதும் இதே சங்கதிதான்.

பானெட் வெளிப்பக்கம் பூசாதீங்க, கறை போகாது. சட்டையிலும்.

சின்னச் சாமானுக்கு (டூல் பெட்டி மூடி, கொக்கி, பின்) சலவை சோடா கரைச்ச வாளியும் பேட்டரி சார்ஜரும் போதும். நெகட்டிவ் ஒயர் துருச் சாமான்ல, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் துண்டுல. எவர்சில்வர் துண்டைப் போடவே கூடாது, விஷம் கலந்த தண்ணியாயிடும். வெளியில, காத்தோட்டமா வெச்சுப் பண்ணுங்க.

2023 ஏப்ரல் 2

ஒரு நண்பர் "விண்டேஜ்னு பதிவு பண்ணி வி.ஏ. நம்பர் வாங்கிடுங்க"ன்னு எழுதினதும் கை பரபரத்துச்சு. வி.ஏ.ன்னு சொன்னதும் சித்தப்பா, "அதுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து வேணுமா?"ன்னார்.

2021-ல வந்த விதி. அம்பது வருஷம் தாண்டியிருக்கணும், உருவம் மாறியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. உக்காந்து முழுசாப் படிச்சேன். அது இருசக்கர வண்டிக்கும் சொந்த உபயோகக் காருக்கும் எழுதினது, டிராக்டருக்கு இல்ல. இருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். அந்த நம்பர் வாங்கினா தினப்படி ரோட்டுல ஓட்டக் கூடாது, வருமானத்துக்கு ஓட்டக் கூடாது. காப்பி மூட்டையை அப்புறம் என் தலையிலயா தூக்கறது?

எங்க வண்டி நம்பர் பழைய மதுரை ஜில்லா நம்பர். 1985-ல திண்டுக்கல் பிரியறதுக்கு முன்னாடி கொடைக்கானல் மலை முழுக்க மதுரை ஜில்லாதான். தகட்டுல அந்த எழுத்து கையால எழுதினது. அதை மட்டும் யாரையும் தொட விடறதில்ல.

2023 ஜூன் 25

சீட்டு கிடைச்சாச்சு!

திண்டுக்கல்லுல ஒரு பழைய இரும்புக் கடை. குவிச்சுக் கிடந்த கலப்பைக் கொழுவுக்கு அடியில விளிம்பு தெரிஞ்சுது. இழுத்தா அதே தகட்டுச் சீட்டு, அதே ஓட்டைகள். 2,800 ரூபாய் சொன்னார், எடைக்கு எடை போட்டா முந்நூறு கூட வராது. என் முகத்தைப் பார்த்தே விலை சொல்லியிருக்கார். 2,200-க்கு முடிஞ்சுது. பஸ்ல மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

அடுத்த வாரம் மாட்டறேன். உடுமலைக்காரரே, ஒரு பாயிண்ட் உங்களுக்கு.

2023 ஜூலை 9

மாட்டியாச்சு. போட்டோ போட்டிருக்கேன். பார்க்க என்னமோ திடீர்னு முப்பது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு வண்டி. எல்லாரும் பாராட்டினதுக்கு நன்றி. அம்மா மட்டும் பார்த்துட்டு, "யார் வண்டிடா இது?"ன்னாங்க.

2023 ஆகஸ்ட் 20

நடுவுல வேற ஒண்ணு. கூடலூர்ல இருந்து ஒரு தம்பி, பழைய 35 ஒண்ணு வாங்கப் போறேன், மரம் இழுக்கணும், சங்கிலியை எங்க மாட்டறதுன்னு கேட்டிருக்கார். ஒரிஜினல் பேச்சை எல்லாம் ஓரமா வெச்சுட்டு இதைப் படிங்க தம்பி.

சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழ இருக்கற கொக்கியில மட்டும் மாட்டணும். டாப் லிங்க் (கலப்பையை மேல பிடிக்கற கம்பி) மாட்டற இடத்துலயோ சீட்டுக்குக் கீழயோ மாட்டினா, ஏத்தத்துல பாரம் சிக்கின உடனே முன் சக்கரம் தூக்கும். அடுத்த நொடி வண்டி நம்ம மேல. கிளட்ச்சை மிதிக்கக் கூட நேரம் இருக்காது. பெர்குசன் மூணு புள்ளி இணைப்பைக் கொண்டுவந்ததே பின்னாடி கலப்பை சிக்கினா வண்டி மல்லாந்துடாம இருக்கத்தான். கலப்பையோட இழுவை டாப் லிங்க் வழியா முன் பக்கத்தை அமுக்கும். ஆனா அது கலப்பைக்கு. சங்கிலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இறக்கத்துல நியூட்ரல் கூடவே கூடாது. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. உசரத்துல காத்து கம்மிங்கறதால இழுவையும் கொஞ்சம் குறையும். எங்க 1,300 மீட்டர்ல எட்டுல ஒரு பங்கு காத்து கிடையாது, ஏத்தத்துல கரும்புகை வர்றது பம்போட குத்தம் மட்டும் இல்ல.

பெர்குசன் வண்டி மேல ஹில்லாரி 1958 ஜனவரியில தென் துருவத்துக்கே போயிட்டார்னு பெருமை பேசுவாங்க. நிஜம்தான். அதே குடும்பத்து வண்டி பெரும்பாறைக்குக் கீழ ஒரு வளைவுல நாலு மூட்டைக்கு மூச்சு வாங்கி நின்னதையும் நான் பார்த்திருக்கேன். அது எட்டு மூட்டைன்னு எங்க வண்டியை ஓட்டின டிரைவர் மாமா சொல்றார்.

2023 டிசம்பர் 17

பழம் சீசன். டிரைவர் மாமாவை வரச்சொன்னேன். 34 வருஷம் இந்த வண்டியை ஓட்டினவர், இப்ப வயசு 79. தினமும் ஓட்ட வேண்டாம் மாமா, புதுச் சீட்டுல ஒரு நடை உக்காந்து பாருங்கன்னேன். ஒரு நடை போயி களத்துல பழத்தைக் கொட்டினார். இறங்கினார். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"மாப்ள, பழைய சீட்டு எங்க?"

"முறுக்கிக்கிச்சு மாமா, கழட்டி வெச்சிட்டேன்."

"முறுக்கிக்கிச்சா? யாரு சொன்னா?"

அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. தோட்டத்துல இருந்து களத்துக்கு வர்ற தடம் முழுக்கப் பள்ளம் வலது பக்கம். தடமே பள்ளத்துப் பக்கம் சாய்மானம். பாரம் ஏத்தி ரெண்டு கிலோமீட்டர் வலது பக்கமாவே சரிஞ்சு உக்காந்து வரணும். ஒரு நாளைக்கு எட்டு நடை, நாலு மாசம். மாமாவுக்கு இடுப்பு பிடிச்சு ஒரு வருஷம் படுத்துட்டார். அப்பதான் அப்பா ஆசாரியைக் கூப்பிட்டிருக்கார். மாமாவை வண்டியில உக்கார வெச்சு, அந்தத் தடத்துலயே நிறுத்தி, மட்டப்பலகை வெச்சுப் பார்த்து, வலது பக்கம் ரெண்டு விரக்கடை கூடுதலா விட்டு அறுத்திருக்காங்க. மரம் முறுக்கவே இல்ல. அளவெடுத்துச் செஞ்சது. பட்டை முறிஞ்சதும் உண்மைதான், ஆனா அது வெறும் சாக்குப்போக்கு.

"அப்ப திரும்பிப் போறப்ப? பள்ளம் இடது பக்கம் வருமே, இன்னும் சரியுமே?"ன்னேன்.

"போறப்ப காலி வண்டிதானே. நின்னுக்கிட்டே ஓட்டுவேன்."

சாயங்காலம் பழைய சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில வலது பக்கம் உளித் தடம் வரிவரியா இருக்கு, பென்சில் கோடு கூட லேசாத் தெரியுது. நாப்பது வருஷமா அதுல உக்காந்திருக்கேன், ஒரு தடவை கூட கவுத்துப் பார்த்ததில்ல.

2023 டிசம்பர் 18

நவம்பர் 13 குறிப்புல மரம் முறுக்கிக்கிச்சுன்னு எழுதினது தப்பு. அழிக்கல, அப்படியே இருக்கட்டும். நாலு பேர் அதை எடுத்துப் போட்டு "பலா அப்படித்தான் முறுக்கும்"னு எழுதியிருக்காங்க. பலாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

2023 டிசம்பர் 31

பலாச் சீட்டைத் திரும்ப மாட்டிட்டேன். மாமா வந்து ஒரு தடவை உக்காந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம டீ குடிச்சிட்டுப் போனார்.

உடுமலைக்காரர், "அப்ப நீங்க ஒரிஜினலை விட்டுட்டீங்க"ங்கறார். கம்பெனி செஞ்ச வண்டியை விட்டுட்டேன்னா சரி. எந்த வயக்காட்டுக்கும் பொருந்தற மாதிரி கம்பெனி ஒரு வண்டி செஞ்சுது. இந்தத் தடத்துக்கு அதைப் பொருத்தினது அப்பாவும் ஆசாரியும் மாமா இடுப்பும். 1964-ல இருந்து 1981 வரைக்கும் பதினேழு வருஷம் தகடு, அப்புறம் நாப்பத்திரெண்டு வருஷம் பலா. கணக்குப் போட்டுக்குங்க.

ஆல்டர்னேட்டருக்கும் இதே நியாயம் பொருந்துமான்னு கேப்பீங்க. பொருந்தாது. அது என் சோம்பேறித்தனம். டைனமோவைப் பரண்ல இருந்து இறக்கி ஆர்மேச்சர் வைண்டிங்குக்குக் கொடுத்திருக்கேன்.

2024 ஜனவரி 28

புது டீசல்ல சல்ஃபர் 10 பி.பி.எம்.தான் (பத்து லட்சத்துல பத்து பங்கு), 2020-ல இருந்து நாடு முழுக்க அதேதான். என் வண்டியில பம்பு தலையில கசிவு வந்தது அதுக்கப்புறம்தான். பழைய ரப்பர் சீல் சுருங்கிப் போயிருந்துச்சு. புது ரகச் சீல் மாத்தினதும் நின்னுடுச்சு. இதை மாத்தினதை எல்லாம் ஒரிஜினல் கணக்குல எழுதாதீங்க, வயித்துக்கு மாத்திரை போட்ட மாதிரிதான் இது.

பின்பக்க கிராங்க் சீல் வேற. அது கயிறு சீல், கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். கீழ ஒரு தட்டு வெச்சிருக்கேன். நிறுத்த மருந்து கேட்காதீங்க, இன்ஜினை இறக்கணும்.

2024 பிப்ரவரி 18

முந்தாநேத்து ராத்திரி காட்டுமாடு வந்து ஷெட்டு முன்னாடி நின்ன வண்டியில முதுகு சொறிஞ்சுக்கிட்டுப் போயிருக்கு. இடது மட்கார்டுல கொம்பு பட்டு ஒரு குழி, முழங்கை அளவு. பக்கத்துல கருப்பு முடி ஒட்டியிருக்கு. டிங்கரிங் ஆள் வந்து, "தட்டி எடுத்து, பட்டி பார்த்து, ரெண்டு மட்கார்டுக்கும் ஒரே சிவப்பா ஸ்பிரே அடிச்சிரலாம் சார், எட்டாயிரம்"னார்.

உள்பக்கம் மரச் சுத்தியலால தட்டி, டயர்ல உரசாத அளவுக்கு மட்டும் எடுத்துக்கிட்டேன். மீதிக் குழி இருக்கட்டும். "காட்டுமாடு இடிச்சது ஒரிஜினலா?"ன்னு கேக்கப் போறவங்க வரிசையில வாங்க.

2024 மார்ச் 24

உடுமலைக்காரர் கடைசியில தன்கிட்டயும் ஒரு 35 இருக்குன்னு ஒத்துக்கிட்டார்! முழுக்கப் பெயிண்ட் அடிச்சதாம், அவங்க அப்பா அடிச்சதாம். சீட்டு மட்டும் இல்லையாம். அந்தத் தகட்டுச் சீட்டை விலைக்குத் தர்றீங்களான்னு கேக்கறார்.

தாராளமா. வாங்கின விலை 2,200, லக்கேஜ் டிக்கெட்டை விட்டுக் கொடுத்துடறேன். ஒரே ஒரு சிக்கல். ஷெட்டுல அதைக் கவுக்காம வெச்சிருந்தேன், வைக்கோல் கொஞ்சம் விழுந்திருந்துச்சு. கோழி ஒண்ணு அதுல அடை உக்காந்துடுச்சு, பதினோரு முட்டை. ஓட்டை இருக்கறதால காத்தோட்டமா இருக்கும் போல, எந்திரிக்கவே மாட்டேங்குது. இன்னைக்குப் பன்னெண்டாம் நாள். ஒன்பது நாள் கழிச்சு வாங்க.